வடுவும் தழும்பும்

நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பிற்பகல், பாடசாலை முடிந்து பருத்தித்துறை நோக்கிச் செல்லும் பேருந்தில் நாம் நின்றுகொண்டிருந்தோம். ஒரு கையில் திருத்த வேண்டிய கொப்பிகள். மறு கை மேலே கம்பியில். எதிரே அமர்ந்திருந்த இளைஞன் ஒருவன் எம்மை ஏறிட்டுப் பார்த்தான். உடனே எழுந்தான். "அக்கா, இதில இருங்கோ. பிள்ளைத்தாய்ச்சி நிண்டுகொண்டு வரக்கூடாது" என்றான்.

அப்போது எமது இளைய மகளுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. மூன்றாவது குழந்தையொன்றை நாம் சுமக்கவுமில்லை. சுமக்கும் எண்ணமும் எமக்கு இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நல்லெண்ணத்தோடு எழுந்த அப்பிள்ளை எல்லோர் முன்னிலையிலும் நாணிப்போவான். சொல்லாது அமர்ந்தால் நாம் பொய்யராவோம். நாம் அமர்ந்தோம். நெல்லியடி வரையும் அந்த இருக்கையில், இல்லாத பிள்ளையொன்றின் தாயாக இருந்துகொண்டு வந்தோம்.

இக்கட்டுரை ஒரு தழும்பைப் பற்றியது. அத்தழும்பின் கதை அந்த இருக்கையிலேதான் ஆரம்பமாகின்றது. சமுதாயத்தின் பெரும் பிரச்சினைகள் எத்தனையோ இருக்க, ஓர் ஆசிரியை தன் வயிற்றுத் தோலைப் பற்றி எழுத வந்தது ஏன் என்று வாசகர் சிலர் வினவக்கூடும். அவ்வினாவை நாமும் எம்மிடம் பலமுறை கேட்டதுண்டு. ஆயின், எமது நாவில் எழுந்த ஒரு சிறு பொய் இன்னொரு பெண்ணின் தாலிக்கொடியை அடகுகடையின் வாசல்வரை கொண்டுசென்றதை நேரிற் கண்ட பின்னர், இது எமது தோலைப் பற்றிய விடயம் மாத்திரமன்று என்பது தெளிவாயிற்று. ஆகவே எழுதுகின்றோம்.

எமது மக்கள் இருவரும் சத்திரசிகிச்சை மூலமே பிறந்தனர். வயிற்றின் முன்புறத்தில் மேலிருந்து கீழாக இரண்டு தசைப்பட்டிகள் ஓடுகின்றன. அவற்றை நடுவே இணைத்து நிற்பது வெண்ணிறமான ஒரு நார்ப்பட்டி. கருப்பை வளர வளர அந்நார் அகன்று இடங்கொடுக்கின்றது. பிள்ளை பிறந்த பின்னர் பலருக்கு அது மெல்ல மெல்ல ஒடுங்கிவிடும், சிலருக்கு ஒடுங்குவதில்லை. எமக்கு ஒடுங்கவில்லை. தசைகளுக்கிடையே மூன்று விரல்கள் புகக்கூடிய இடைவெளி இருந்தது. அதன்மேல் தளர்ந்த தோல் மடிந்து தொங்கியது. ஐந்தாம் பாடவேளை வரும்போது முதுகு நோவெடுக்கும். கரும்பலகையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்று கற்பிப்போம்.

முதுகுநோவைப் போக்கும் பொருட்டே சத்திரசிகிச்சை செய்தோம் என்று இங்கு எழுதிவிட்டால் எமது மதிப்புச் சற்று உயரும். அஃது உண்மையின் ஒரு பகுதி, முழு உண்மையன்று. கலியாண வீட்டுப் படங்களில் பிறர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றோம். "எத்தினையாம் மாசம்?" என்று கேட்போரைக் காணாதவர்போல் கடந்து போனோம். உயர்தர வகுப்பிலே பாரதியின் புதுமைப்பெண்ணைப் பற்றி நாற்பது நிமிடம் ஓயாது உரைத்த வாய், வீட்டுக்கு வந்து கண்ணாடியின் முன் நின்றதும் ஊமையாயிற்று. கல்வி எம்மை இவ்வெட்கத்திலிருந்து விடுவிக்கவில்லை. அதனை நாகரிகமான சொற்களால் மூடி வைக்கவே கற்றுத்தந்தது.

கனடாவிலுள்ள தம்பி வீட்டுக் கூரை வேலைக்கென அனுப்பிய பணமும், நாம் கட்டிவந்த சீட்டுக் காசும் கையில் இருந்தன. எமது கணவரும் ஆசிரியரே. "உமக்கு வேணுமெண்டால் செய்யும், எனக்காக எண்டு செய்ய வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டார். கைத்தொலைபேசியிலே படங்கள் பார்த்தோம். இடப்புறம் தொங்கும் வயிறு. வலப்புறம் தட்டையான வயிறு. வலப்புறப் படங்களில் எல்லாப் பெண்களும் உள்ளாடை அணிந்திருந்தனர். அந்த உள்ளாடையின் கீழே என்ன இருக்கின்றது என்று நாம் ஒருபொழுதும் எண்ணிப் பார்க்கவில்லை.

கொழும்பிலே ஒரு தனியார் வைத்தியசாலை. சத்திரசிகிச்சை நிபுணர் எமக்கு ஒதுக்கிய நேரம் ஏறத்தாழப் பதினைந்து நிமிடம். கெட்ட மனிதரல்லர், அவசரக்காரர். "தழும்பு சின்னக் கோடுமாதிரித்தான் வரும், ஒரு வருசத்தில தெரியாது" என்றார். ஆறு பக்கங்கள் கொண்ட படிவமொன்றை ஆங்கிலத்தில் அச்சிட்டு வைத்திருந்தார்கள். மாணவர்க்கு 'கருத்தறிந்து வாசித்தல்' என்னும் பாடத்தை ஆண்டுதோறும் நடத்தும் நாம், அதனை மேலோட்டமாகப் புரட்டி ஆறு இடங்களில் ஒப்பமிட்டோம். அன்று எம்முடன் எமது தாயாரும் வந்திருந்தார். காது குத்திய இடத்திலே அவருக்குச் சிறு கொட்டைப்பாக்களவில் ஒரு தசை வளர்ந்திருக்கின்றது. நாம் சிறுமியாயிருந்த காலந்தொட்டு அதனைக் கண்டு வந்தோம். அவர் அந்த அறையிலே எமக்கு அருகில்தான் அமர்ந்திருந்தார். எவரும் அக்காதைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. நாமும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதொன்றென்று எமக்குத் தெரிந்திருக்கவில்லை.

இச்சத்திரசிகிச்சையின் முறையைச் சுருக்கமாகக் கூறிவிடுதல் நன்று. ஓர் இடுப்பெலும்பிலிருந்து மற்றைய இடுப்பெலும்பு வரை, அடிவயிற்றின் கீழோரமாக வெட்டுகிறார்கள். தோலையும் கொழுப்பையும் தசையின்மேலிருந்து விலா எலும்பு வரை உரித்து உயர்த்துகிறார்கள். அகன்றுபோன தசைகளை நடுக்கோட்டிலே தைத்து இணைக்கிறார்கள். பின்னர் தோலைக் கீழ்நோக்கி இழுத்து, மிகுதியாக நிற்பதை வெட்டி அகற்றுகிறார்கள். கொப்பூழ் தன் காம்பிலேயே நிற்க, அதற்காகத் தோலில் புதியதொரு துளை இடப்படுகின்றது. ஊறும் நீர் வெளியேற இரண்டு குழாய்கள். முதற் கிழமைகளில் நிமிர்ந்து நடக்க இயலாது. நிமிர்ந்தால் தையல் இழுபடும். கூன் விழுந்த கிழவியைப் போல நாம் வீட்டினுள் நடந்து திரிந்தோம்.

ஆறாம் கிழமை தழும்பு சொன்னபடியே மெல்லிய கோடாக இருந்தது. மகிழ்ந்தோம். மூன்றாம் மாதம் அது தடிக்கத் தொடங்கியது. ஐந்தாம் மாதத்தில், சிவந்து கறுத்த கயிறொன்றை இடுப்பைச் சுற்றி அரைவாசிக்குத் தைத்துவிட்டாற்போல் எழுந்து நின்றது. இரவிலே தாங்கொணாத கடி. பகலிலே சேலைக்குள் உடுத்த பாவாடையின் நாடா, தழும்பின் இரு முனைகளும் மேலேறும் இடத்தில் உராய்ந்து எரிந்தது. அதற்குமேல் அடிவயிற்றில் ஓர் உள்ளங்கையளவு இடம் உணர்வற்றுப் போயிற்று. மாதவிலக்கு நோவுக்கு வழக்கம்போல் வெந்நீர்ப் பையை வயிற்றில் வைத்துக்கொண்டு ஒருநாள் உறங்கிவிட்டோம். காலையில் எழுந்து பார்த்தபோது அவ்விடம் கொப்பளித்திருந்தது. சூடு எமக்குத் தெரியவேயில்லை. தன் உடம்பிலே தனக்குச் சொந்தமில்லாத ஓர் இடம் உண்டு என்பதை அன்று அறிந்தோம்.

மீண்டும் கொழும்புக்குச் சென்றபோது, "உங்கட தோல் அப்பிடி" என்று விடை கிடைத்தது. பிழை எமது தோலின்மேல் விழுந்தது. பின்னர் அயலூர் அரசினர் வைத்தியசாலையில் தோல் வைத்தியப் பகுதிக்குச் சென்று, நீண்ட வாங்கில் காத்திருந்தோம். அங்கேயிருந்த இளம் பெண் வைத்தியர் தழும்பைப் பார்த்த பின்னர் கேட்ட முதற் கேள்வி, "வீட்டில ஆருக்கும் காயம் ஆறின இடத்தில தசை வளர்ந்திருக்கோ?" என்பதே. எமது தாயாரின் காது அப்போதுதான் எம் கண்முன் வந்து நின்றது. பணங்கொடுத்த இடத்திற் கேட்கப்படாத கேள்வி, பணங்கேளாத இடத்திற் கேட்கப்பட்டது.

அவர் பொறுமையுடன் விளக்கியவற்றையும், பின்னர் நாம் தேடிப் படித்தவற்றையும் இங்கே கூறுகின்றோம். தோலில் ஆழமாக ஏற்படும் காயத்தை உடம்பு பழைய தோலைக்கொண்டு அடைப்பதில்லை. கொலாஜன் என்னும் நாரைக்கொண்டு அவசர அவசரமாக அடைக்கின்றது. சாதாரணத் தோலிலும் அந்நார் உண்டு. ஆனால் அங்கே அது பனையோலைக் கடகம்போல் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கின்றது. தழும்பிலோ ஓலைகளை ஒரே பக்கமாக அடுக்கி வைத்தாற்போல் கிடக்கின்றது. அங்கே மயிர் முளைப்பதில்லை, வியர்வை சுரப்பதில்லை. நன்றாக ஆறிய தழும்புங்கூடப் பழைய தோலின் வலிமையில் ஏறத்தாழ எண்பது வீதத்துக்குமேல் அடைவதில்லை. அடைக்கும் வேலை முடிந்தும் நார் உற்பத்தி ஓயாதுவிடின் தழும்பு தடிக்கின்றது. வெட்டிய எல்லைக்குள்ளேயே தடித்து நிற்பது ஒரு வகை. காலப்போக்கில் அது தானாகவே ஓரளவு தாழக்கூடும். எல்லையைத் தாண்டி நல்ல தோலின்மேலும் படர்வது மற்றொரு வகை; அது தானாக அடங்குவதில்லை, வெட்டி எடுத்தாலும் திரும்ப வளரும் இயல்புடையது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இதனை விவரித்த பிரெஞ்சு வைத்தியர் அலிபேர், நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதற்குப் பெயர் அமைத்தார். 'கீலொயிட்' என்று இன்று வழங்குவது அதுவே. கரிய நிறத்தோலுடைய மக்களிடத்தும், சில குடும்பங்களிலும் இஃது அதிகம். எமது தழும்பிலே பெரும்பகுதி முதல் வகை; வலது இடுப்போரத்தில் மாத்திரம் நண்டு தன் கொடுக்கை நீட்டியிருந்தது.

தோல் இழுபடும் இடத்திலே தழும்பு தடிக்கும் என்பதும் நெடுங்காலமாக அறியப்பட்டதே. 1861இல் வியன்னா நகரின் உடற்கூற்றாசிரியர் லாங்கர், இறந்தோர் உடம்பிலே வட்டமான ஊசியாற் குத்திப் பார்த்தபோது, துளைகள் வட்டமாக நில்லாது நீண்ட பிளவுகளாக மாறுவதைக் கண்டார். தோல் எத்திசையில் இழுபட்டு நிற்கின்றது என்பதை அப்பிளவுகள் காட்டின. அக்கோடுகளின் வழியே வெட்டினால் தழும்பு மெல்லியதாகும். குறுக்கே வெட்டினால் தடிக்கும். எமக்கு வெட்டியது கோட்டின் வழியேதான். ஆனால் தோலில் ஒரு பெரும் பகுதியை அகற்றிவிட்டு, எஞ்சியதை இழுத்துத் தைக்கும்போது, இழுவை வேண்டுமென்றே உண்டாக்கப்படுகின்றது. தட்டையான வயிறும் இழுபட்ட தையலும் ஒரே பொருளின் இரு பெயர்கள்.

தொங்கும் வயிற்றை வெட்டியகற்றும் முறை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. 1899இல் அமெரிக்காவில் பால்ட்டிமோர் நகர் வைத்தியர் கெலி இதனைப் பற்றி எழுதியிருக்கின்றார். தழும்பைக் கீழே இறக்கி உள்ளாடைக்குள் மறைக்கும் முறை பெருவழக்கானதில் பிரேசில் நாட்டு வைத்தியர் இவோ பிட்டாங்கிக்குப் பெரும் பங்குண்டு. முந்நூறு நோயாளரிடத்துத் தாம் செய்த சிகிச்சையை அவர் 1967இல் வெளியிட்டார். அதே பிட்டாங்கிதான், 1961 டிசம்பரில் நிதேரோய் நகரில் சர்க்கஸ் கூடாரம் எரிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டபோது, எரிகாயமுற்றோருக்குச் சிகிச்சை செய்ய ஓடியவர். ரியோ நகரின் தரும வைத்தியசாலையொன்றில் ஏழைகளுக்கும் சத்திரசிகிச்சை செய்தவர். முதலாம் உலகப் போரிலே முகஞ்சிதைந்த படைவீரருக்கு முகம் அமைத்துக் கொடுத்த கிலீசின் கலையும் இக்கலையே. ஆகவே இக்கலையை நாம் பழிக்கவில்லை. அது வணிகமாகும்போது எதனைக் காட்டுகின்றது, எதனை மறைக்கின்றது என்பதே எமது கேள்வி.

ஆனால் மறைத்தவர்கள் வணிகர் மட்டுமல்லர், நாமும் மறைத்தோம்.

சத்திரசிகிச்சைக்காக ஆறு கிழமை விடுப்பு எடுத்தபோது, ஆசிரியர் அறையிலே "ஹேர்னியா ஒப்பரேசன்" என்று சொல்லியிருந்தோம். குடலிறக்கம் என்பது மதிப்புக்குரிய நோய். அதனை எவரும் ஏளனம் செய்வதில்லை. 'வயிற்றை அழகாக்கப் போனாள்' என்னும் பேச்சு எழுந்தால், அது சந்தைவரை செல்லும். மாணவரின் காதையும் எட்டும். அதிபர் தோடம்பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார். சக ஆசிரியைகள் அனுதாபம் கூறினர். பேருந்திலே சொல்லாமற் சொன்ன பொய், இப்போது வாய்திறந்து சொல்லிய பொய்யாயிற்று. அதனால் யாருக்கு என்ன கேடு என்றே எண்ணினோம்.

எமது பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்யும் பெண்ணொருவர் உண்டு. எமது வயதினர். விடியுமுன் எழுந்து இடியப்பம் அவித்து, பெரிய வாளிகளிலே தண்ணீர் சுமந்து, மூன்று பிள்ளைகளை வளர்ப்பவர். அவருடைய வயிறும் முன்தள்ளியிருந்தது. அதனை நாம் அறிவோம். ஆயினும் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. சென்ற ஆண்டு ஒருநாள், இடைவேளை முடிந்து பிள்ளைகள் சென்ற பின்னர், அவர் எம் அருகே வந்தார்.

"டீச்சர், உங்களிட்ட ஒண்டு கேக்கவேணும். கொழும்பில ஹேர்னியாவுக்கு எவ்வளவு முடிஞ்சது?"

"ஏன் கேக்கிறீங்கள்?"

"எனக்கும் ஹேர்னியாவெண்டு கிளினிக்கில ஒரு மிஸ் சொன்னவ. நீங்களே கொழும்புக்குப் போய்த்தானே செய்தனீங்கள். அப்ப இஞ்ச செய்யமாட்டினம்போல. ஒரு வருசமாச் சீட்டுக் கட்டுறன். காணாது. கொடியை வைச்சால் சரிவருமோ எண்டு பாக்கிறன்."

அடகுகடையிலே கொடியை நிறுத்துப் பார்த்து, எவ்வளவு கிடைக்கும் என்பதைக் கூடக் கேட்டுவிட்டு வந்திருந்தார்.

அவரைச் சமையலறையின் பின்புறம் அழைத்துச் சென்றோம். அவர் சட்டையை உயர்த்திக் காட்டினார். மார்பெலும்பின் கீழிருந்து கொப்பூழைக் கடந்து அடிவயிறு வரை, நெட்டாக ஓர் அகன்ற தழும்பு. அதன் நடுவே, மூச்சுவிடும்போதும் இருமும்போதும் ஒரு தேங்காயளவில் வயிறு புடைத்து எழுந்தது. 2009ஆம் ஆண்டு வன்னியிலே எறிகணைச் சிதறல் பட்டதாம். செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பலில் ஏற்றித் திருகோணமலைக்குக் கொண்டுசென்று, வயிற்றைத் திறந்து உயிரைக் காப்பாற்றினார்களாம். அதன் பின்னரே அவருக்குத் திருமணமும் மூன்று பிள்ளைகளும். வெட்டித் தைத்த இடத்தில் உட்தசை விட்டுக்கொடுத்து, குடல் வெளித்தள்ளிக்கொண்டிருந்தது. நாம் எந்நோயின் பெயரை இரவல் வாங்கி எமது வெட்கத்தை மூடினோமோ, அந்நோய் அவரிடத்திலே மெய்யாகவே இருந்தது.

அவ்விடத்திலே நாம் எமது சேலையைத் தளர்த்தி எமது தழும்பைக் காட்டினோம். எமக்கு ஹேர்னியா இல்லை என்றோம். வயிற்றுத் தோலைக் குறைக்கச் செய்தது, நோய்க்குச் செய்ததன்று, ஆகவேதான் காசு கொடுத்துக் கொழும்பில் செய்தோம், உங்கள் நோய்க்கு அரசினர் ஆசுபத்திரியிலே காசில்லாமற் செய்வார்கள் என்றோம்.

அவர் நெடுநேரம் எமது தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபிப்பார் என்று எதிர்பார்த்தோம். சிரிப்பார் என்றும் அஞ்சினோம். "கடிக்கிறதோ டீச்சர்?" என்று கேட்டார். "முந்தி நல்லாக் கடிச்சது" என்றோம். "எனக்கும் முதல் ரண்டு வருசம் அப்பிடித்தான்" என்றார். பின்னர், சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டே, "இதை அப்பவே சொல்லியிருந்தால் நான் ஒரு வருசம் சுமந்து திரிஞ்சிருக்கமாட்டன்" என்றார். குரலிலே கடுமை இல்லை. ஆயின் அந்த ஒரு வருடத்தின் கனத்தை நாம் உணர்ந்தோம். அவ்வாறு வெளித்தள்ளிய குடல் இடையிலே இறுகிச் சிக்கிக்கொண்டால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு உயிருக்கே ஆபத்தாகும். ஒவ்வொரு நாளும் தண்ணீர் வாளி தூக்கிய பெண் அவர்.

அடுத்த கிழமை அவருடன் நாமும் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குச் சென்றோம். சில மாதம் காத்திருக்க நேர்ந்தது உண்மை. ஆனால் செய்தார்கள், தசையின் பலவீனத்தை வலைபோன்றதொரு பொருள் வைத்துத் தைத்தார்கள். தாலிக்கொடி அவர் கழுத்திலேயே இருக்கின்றது. இப்போதும் இடியப்பம் அவிக்கிறார். வாளியை மாத்திரம் மூத்த மகன் தூக்குகிறான்.

அவருடைய வெட்டு, உயிரை விரைவில் எட்டும் பொருட்டுத் தோலின் கோடுகளுக்குக் குறுக்கே நெட்டாக வெட்டப்பட்டது. எமது வெட்டு, உடைக்குள்ளே மறையும் பொருட்டுத் தாழ வெட்டப்பட்டது. ஒன்று போர் தந்தது. மற்றது நாம் விலைகொடுத்து வாங்கியது. இரண்டையும் ஒரு தட்டில் நிறுக்க நாம் துணியமாட்டோம். ஆயினும் இரண்டு பெண்களும் தத்தம் தழும்பைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, ஒரே கூரையின் கீழ் ஆண்டுக்கணக்காக ஒருவரையொருவர் கடந்து சென்றோம். போர்க்காயமும் மறைக்கப்பட்டது, ஒப்பனைக் காயமும் மறைக்கப்பட்டது. பெண்ணின் வயிறு பேசத்தகாத பொருள் என்னும் மரபு, இரண்டுக்கும் ஒரே திரையைப் போட்டது.

நாம் கற்பிக்கும் பழந்தமிழ்ப் பாடல்களிலே விழுப்புண்ணுக்குப் பெரும் சிறப்புண்டு. வீரன் மார்பிலே பட்ட புண்ணைப் புலவர் பாடினர்; முதுகிலே பட்டதோ என்று தாய் பதறினாள். புண் எங்கே பட்டது என்பதைக்கொண்டு மானத்தை அளந்த மரபு அது. ஆனால் அம்மகனைப் பெற்ற வயிற்றின் புண்ணை அம்மரபு அளக்கவில்லை. மொழியையும் சற்று நோக்குதல் தகும். 'வடு' என்னும் சொல்லுக்குக் காயத்தின் அடையாளம் என்பது ஒரு பொருள். குற்றம், பழி என்பது இன்னொரு பொருள். 'தழும்பு' என்னும் சொல்லோ, 'தழும்பேறிய கை' என்னும்போது பழகித் தேர்ந்த கையைக் குறிக்கின்றது. எமது சமுதாயம் பெண்ணின் உடம்பிலே காண்பது வடுவை, அதாவது பழியை. மண்வெட்டி பிடித்த உழவனின் கையிலே அது காண்பது தழும்பை.

இதற்கு எதிராக, 'கொழுப்பெடுத்துப்போய் வெட்டிக்கொண்டார்கள்' என்று இத்தகைய பெண்களை இகழ்வது முற்போக்காகாது. மூன்று பிள்ளை பெற்றவளும் கன்னிபோல் நிற்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது ஒரு சமுதாயம். அவ்வாறு நிற்க அவள் முயன்றால் நகைப்பதும் அதே சமுதாயம். இவ்விரண்டுக்குமிடையே நிற்பவளின் வெட்கமே வணிகருக்கு மூலதனம். வாங்கியவள் வாய்திறக்கமாட்டாள் என்பது உறுதியாயிருக்கும்வரை, அடுத்தவளுக்கு எதனையும் விளக்கவேண்டிய தேவை அவர்களுக்கில்லை.

எனவே நாம் கேட்பவை சிலவே. ஒருவர் உடம்பை வெட்டுமுன் அவருக்கு விளங்கும் மொழியிலே, எழுத்திலும் வாயாலும் விளக்குதல் வேண்டும். தழும்பு வராது என்று எந்த வைத்தியராலும் வாக்களிக்க இயலாது. 'எவ்வகைத் தழும்பு வரக்கூடும்' என்றே சொல்லவேண்டும். தாயின் காதையும் தந்தையின் தோளையும் பற்றிக் கேட்கவேண்டும். காட்டும் படங்களிலே ஆறாம் கிழமைத் தழும்பு மாத்திரமன்றி, ஓராண்டு கழிந்த தழும்பும் இருக்கவேண்டும். உணர்வு மரத்துப்போகும் என்பதையும், அவ்விடத்திலே வெந்நீர்ப் பை வைக்கலாகாது என்பதையும் சொல்லவேண்டும். அகன்ற தசைக்குப் பயிற்சி கற்பிக்கும் இயன்மருத்துவர்கள் அரசினர் வைத்தியசாலைகளிலே இருக்கிறார்கள். வெட்டுவதற்கு முன் அங்கே செல்ல எம்மிடம் எவரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் அப்பயிற்சி போதுமானதன்று. ஆனால் முயன்று பார்க்கக் காசு தேவையில்லை.

எமது தழும்பின் நிலையையும் சொல்லி முடிக்கின்றோம். மாதமொருமுறை தழும்பினுள்ளே நேராக ஸ்டிரொயிட் ஊசி ஏற்றினார்கள். ஒவ்வொரு ஊசியும் தேள் கொட்டியது போலிருந்தது. சிலிக்கோன் தாளை நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல் பல மாதம் ஒட்டிவைத்தோம். இப்போது பெரும்பகுதி தாழ்ந்துவிட்டது, கடி நின்றுவிட்டது. ஊசி பட்ட சில இடங்கள் வெளிறிப்போயின. வலது இடுப்போரத்து நண்டு இன்னும் இருக்கின்றது. முதுகுநோவு குறைந்திருக்கின்றது, கரும்பலகையில் கை ஊன்றாமல் நின்று கற்பிக்க முடிகின்றது. இவ்வளவையும் முன்னரே அறிந்திருந்தால் செய்திருப்போமா என்று கேட்டால், எமக்கு உறுதியான விடை இல்லை. அறிந்து செய்திருப்போம், அல்லது அறிந்து விட்டிருப்போம். இரண்டில் எதுவாயினும் அது எமது முடிவாக இருந்திருக்கும்.

கிளினிக்குக்குச் சென்று வந்த மறுநாள், ஆசிரியர் அறையிலே எமக்கு ஹேர்னியா இருக்கவில்லை என்பதைச் சொல்லிவிட்டோம். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. ஒரு மூத்த ஆசிரியை அன்றுமுதல் எம்முடன் அதிகம் கதைப்பதில்லை. ஆனால் அம்மாதத்துக்குள்ளே இரண்டு பேர் தனித்தனியே வந்து, கதவைச் சாத்திவிட்டுத் தத்தம் கேள்விகளைக் கேட்டனர். ஒருவருக்குத் தாம் செய்ய எண்ணியிருந்தது பற்றி. மற்றவருக்குத் தம் மகளைப் பற்றி. இருவருக்கும் தழும்பைக் காட்டினோம். இருவரிடமும் தாயின் காதைப் பற்றிக் கேட்டோம்.

கதவைச் சாத்த வேண்டியிராத வாசகர்களுக்காக இதனை எழுதினோம்.